கட்டைவிரல் அகலக் கட்டங்கள்

டாக்டர் அம்மா, நீங்கள் கொடுத்தனுப்பிய தாளில் நாலு கோடுதான் போட்டிருக்கிறது. என் கையெழுத்துக்கு ஒரு கோட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் நிற்காது. நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன் நான். ஒவ்வொரு எழுத்தும் தனியாக உட்கார இடம் கேட்கும். அதனால் நர்ஸிடம் வெள்ளைத் தாள் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கத்தையைக் கொடுத்து, "கதையா எழுதப் போறீங்க? டாக்டர் பதினோரு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே போயிடுவாங்க, அதுக்குள்ள குடுத்துடுங்க" என்றது. சுவர்க் கடிகாரத்தில் இப்போது ஒன்பது ஐந்து. நேரம் நிறைய இருக்கிறது.

போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தானின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல இருக்கிற மங்கல் துளியூண்டு. நீங்க சொல்ற குறை ரொம்பப் பெருசு. ரெண்டும் பொருந்தலையே" என்றீர்கள். அவர் விடவில்லை. அறுவை செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, கூட இருக்கிறவர் யாராவது இது எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று எழுதிக் கொடுக்கட்டும், அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன், தேவையில்லை என்று தோன்றினால் கண்ணைத் தொடமாட்டேன் என்றீர்கள். கூட இருக்கிறவன் நான்தான். அவர் என் அக்கா வீட்டுக்காரர். இது எப்படி ஆரம்பித்தது என்பது என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கேட்டால் சொல்லுகிற ஆள்தான் நான். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை.

நான் வேலை பார்ப்பது பைபர் பட்டறையில். தண்ணீர்த் தொட்டி, சின்னப் படகு, பஸ்ஸின் முன்முகம் என்று எல்லாம் அச்சிலிருந்து முரட்டுத்தனமாக வெளியே வரும். அதைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவது என் பாடு. இருபத்தாறு வருடமாகத் தேய்க்கிறேன். இப்போதெல்லாம் முட்டி மடங்கினால் நிமிராது, மூச்சு விட்டால் பழைய கதவு மாதிரி சத்தம் வரும். தலைமுடியிலிருந்து செருப்பு வரை வெள்ளைத் தூசி. ஞாயிற்றுக்கிழமை ரிமோட் விமானம் விடுகிற மைதானத்தில் எனக்குப் பெயரே தூசி. "தூசி வந்தாச்சா, தும்மலுக்கு ரெடியாகுங்க" என்பார்கள். எனக்குக் கோபமே வந்ததில்லை. கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்தார்களே என்றுதான் இருக்கும்.

அத்தான் சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டினார். ஓட்டினார் என்றுதான் எழுத வேண்டும், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவருக்கு வீட்டில் கால் தங்காது. ரிமோட்டில் ஓடுகிற பந்தய விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் எடுத்தால் ஒரு பச்சைக் குழந்தை எடைதான் இருக்கும். மேலே போனால் பஸ்ஸைவிட ஐந்து மடங்கு வேகம். மூன்று கம்பம் நட்டிருப்பார்கள். ஒரே நேரத்தில் நாலு வண்டி அந்த மூன்று கம்பத்தையும் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். வண்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். கம்பத்தை உரசுகிற மாதிரி திரும்புகிறவன் ஜெயிப்பான். கம்பத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது.

வண்டியையும் பார்த்துக்கொண்டு கம்பத்தையும் பார்க்க ஓட்டுகிறவரால் முடியாது. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று, தோளில் கை வைத்துக்கொண்டு, "திருப்பு" என்று சொல்ல வேண்டும். மைதானத்தில் ஓட்டுகிற இடத்தைச் சுற்றிக் கட்டிய சங்கிலிக்கு உள்ளே ஒரு வண்டிக்கு இந்த இரண்டு பேருக்குத்தான் இடம். மற்ற எல்லோரும் பாதுகாப்பு வலைக்கு வெளியே. அத்தானுக்குப் பின்னால் நின்றவர் அவர் கூட்டாளி கணக்கர். நான் வலைக்கு வெளியே.

என் வேலை வண்டியைப் பூசி முடிப்பது. அத்தான் தெர்மாகோலைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்து, மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிக் கொடுப்பார். அதோடு அவர் பங்கு முடிந்தது. நான் அதன்மேல் கண்ணாடி இழைத் துணி விரிப்பேன். படகுக்குப் போடுகிற துணி சாக்கு மாதிரி இருக்கும். இது வெங்காயத் தோல் மாதிரி, பெருமூச்சு விட்டால் பறந்துவிடும். பிசினையும் அதை இறுக வைக்கிற மருந்தையும் தராசில் நிறுத்துக் கலந்து, பிரஷ்ஷால் தடவி, பழைய பஸ் பாஸ் அட்டையால் வழித்தெடுப்பேன். அது போதாதென்று மெல்லிய காகிதத்தை மேலே உருட்டி மிச்சத்தையும் உறிஞ்சி எடுப்பேன். துணி ஒட்டியிருக்க வேண்டும், பிசின் இருப்பதே தெரியக் கூடாது. காய்ந்ததும் தேய்ப்பு. பட்டி பார்த்து மறுபடி தேய்ப்பு. பிரைமர் அடித்து, அடித்ததில் முக்கால்வாசியைத் தேய்த்து எடுப்பு. பெயிண்ட் அடித்துத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. இரண்டு இறக்கைக்கும் சேர்த்து நான் ஏற்றுகிற எடை நாற்பது கிராம். வேறு யார் செய்தாலும் எழுபதுக்குக் குறையாது. இது பெருமைக்குச் சொல்வதில்லை, சரி, பெருமைக்கும்தான்.

நான் உட்கார்ந்திருக்கிற இந்த பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்தவர் ஓரத்தைத் தேய்க்காமல் விட்டிருக்கிறார், டாக்டர் அம்மா. கை வைத்துப் பார்த்தால் தெரியும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். வண்டி திரும்பும்போது ஒருக்களித்துச் சாயும். அப்போது தெரிவது மேல்புறமா அடிப்புறமா என்று ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும். மேலென்றால் ரிமோட் குச்சியை ஒரு பக்கம் இழுக்க வேண்டும், அடியென்றால் மறுபக்கம். கண் இமைக்கிற நேரம் குழம்பினாலும் வண்டி மண்ணில் நட்டுக்கொள்ளும். அதனால்தான் மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறம். முதல் வண்டிக்கு மேலே மஞ்சளும் அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டமும் அடித்தேன். ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அகலம். குளவி என்று பெயர் வைத்தார் அத்தான். ரொம்ப அழகென்று சொல்ல முடியாது. ஆனால் மைதானத்தின் கோடியிலிருந்து பார்த்தாலும் எது முதுகு எது வயிறு என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கருக்குக் காய்ச்சல். பந்தயம் ஆரம்பிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. அத்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வலைக்கு வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டார். "மச்சான், நீ வந்து நில்லு. தப்பாச் சொன்னா உங்க அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சங்கிலியைத் தாண்டி உள்ளே போனேன்.

டாக்டர் அம்மா, எனக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அதுவரை என் சொல்லைக் கேட்டு ஒரு கதவுகூடத் திறந்ததில்லை. பட்டறையில் நான் ஏதாவது சொன்னால் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்டாலும் கேட்ட மாதிரி காட்டமாட்டார்கள். அன்றைக்கு அவர் தோளில் கை வைத்துக்கொண்டு "திருப்பு" என்றேன். காது கிழிகிற சத்தத்தோடு அந்த மஞ்சள் குளவி சட்டென்று சாய்ந்து திரும்பியது. மறுபடி "திருப்பு" என்றேன். மறுபடி திரும்பியது. முப்பது தடவை சொன்னேன், முப்பது தடவையும் திரும்பியது. மூன்றாவதாக வந்தோம். அத்தான் என் முதுகில் தட்டி, "உன் குரல் நல்லாத்தான்டா இருக்கு, இத்தனை நாள் எங்க வச்சிருந்த?" என்றார். அன்றைக்கு முழுவதும் என் கால் தரையில் படவில்லை. வீட்டில் அக்கா, "ஏன்டா பல்லைக் காட்டிக்கிட்டே சாப்பிடுற, விக்கிக்கப் போகுது" என்றாள்.

அடுத்த வாரம் கணக்கருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நல்ல மனுஷன், எனக்குப் பழம் கூட வாங்கி வந்திருந்தார். நான் வலைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டுகிறது. கொஞ்சம் வேகமாக எழுத வேண்டும்.

அடுத்த வருடம் புது வண்டி. இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் என் தப்பு எதுவும் இல்லை. எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம். பந்தயத்துக்கு முன்னால் எல்லா வண்டியையும் நீள மேசையில் வைத்துவிடுவார்கள். எல்லோரும் கையை முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்துக்கொண்டே போவார்கள். எது அழகான பூச்சோ அதற்குக் கோப்பை. மேசையில்தான் பார்ப்பார்களே தவிர, மேலே போன பிறகு பூச்சைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். அந்தக் கோப்பையை வாங்கியே தீருவது என்று நான் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்தேன். மேலே மஞ்சளுக்குப் பதிலாக வெள்ளி நிறம் அடித்தேன். அடியில் கட்டத்தை உள்ளங்கையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் குறைத்தேன். ஒட்டுத்தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டி ஒவ்வொரு கட்டமாக அடிக்கப் பதினோரு நாள் பிடித்தது. மேசையில் வைத்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கோப்பை எனக்குத்தான். தூசி என்றே அதில் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் மேலே போனதும் அத்தான் தடுமாறினார். இரண்டாவது கம்பத்தில் அகலமாகத் திரும்பினார். மூன்றாவதில் இன்னும் அகலம். நாலு சுற்றிலேயே இறக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "என்னமோ தெரியல, முதுகா வயிறான்னு பிடிபடல. எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு" என்றார்.

வலைக்கு வெளியே நின்ற எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பத்திரிகையில் வருகிற படத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள், எல்லாம் கறுப்புப் புள்ளி. தள்ளி வைத்தால் புள்ளி போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும். நான் பத்திரிகை படிக்கப் பழகினபோது அதைக் கவனித்திருக்கிறேன். சின்னக் கட்டமும் அதே மாதிரிதான். தூரத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும். மேலே அடித்த வெள்ளியும் தூரத்தில் சாம்பல். முதுகும் வயிறும் ஒன்றாகிவிட்டது. கண்ணில் கோளாறில்லை அத்தான், கட்டத்தில் கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் என்னைப் பார்த்து, "மச்சான், நீ செஞ்ச வண்டிதானே, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது அத்தான்" என்றேன். எனக்குத் தெரிந்தது. அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் தடவித் தேய்த்தவன் நான். வயிற்றின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் கண்ணாடி மாதிரி மெருகு ஏறியிருந்தது. அடிப்புறம் நம் பக்கம் திரும்பினால் அது ஒரு தடவை மின்னும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும்.

"அப்ப நீ வந்து பின்னால நில்லு" என்றார். கணக்கரும் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார்.

அவர் கேட்டது எனக்குத் தெரிகிறதா என்று. தெரிகிறது என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மாதிரி என் ஆயுளில் வந்ததில்லை. நான் "திருப்பு" என்பேன், "முதுகு" என்பேன், "வயிறு" என்பேன். அவர் என் குரலிலேயே ஓட்டினார். இரண்டாம் இடம் வந்தோம், பிறகு முதலிடம். பட்டறையில்கூட நிமிர்ந்து நடந்தேன். முட்டி வலியை மறந்தேன். அடுத்த வண்டி செய்தபோது கட்டத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குக் குறைத்தேன். அது தெரிந்தே செய்ததுதான். இரண்டு விரலில் அவர் பழகிக்கொண்டு வந்தார். சில சமயம் நான் சொல்வதற்கு முன்னாலேயே திரும்பினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றில் அந்த மின்னுகிற கோட்டைப் போன தடவை தற்செயலாக விட்டேன், இந்தத் தடவை அளந்து விட்டேன். அந்த வண்டிக்கும் கோப்பை கிடைத்தது.

கணக்கர் ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, தனக்கும் அந்த வண்டி மேலே போனால் ஒன்றும் புரியவில்லையே என்றார். "உங்களுக்கும் வயசாகுதுல்ல சார்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நன்றாகத் தெரிகிறதென்று வேறு சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தான் விஷயம் அந்த அளவோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மங்கினால் போதும் என்பது என் கணக்கு. ஆனால் அவர் நேர்மையான மனுஷர், அதுதான் தொல்லை. ஒரு நாள் கிரேனில் சரக்குப் பெட்டியைத் தூக்கி நிறுத்தியவர், கீழே நிற்கிற ஆட்களைப் பார்த்ததும் தன் கண்மேல் நம்பிக்கை போய், பெட்டியை எடுத்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கி வந்தார். மேலாளரிடம் போய்ச் சாவியை வைத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட இடிக்காதவர். கண் சரியில்லாதவன் அடுத்தவன் தலைக்கு மேலே உட்காரக் கூடாது என்று அவராகவே சொன்னாராம். இப்போது அதே கிடங்கில் வாசலில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்கிறார்.

அக்காவுக்குத்தான் புரியவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான், அடுக்களை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டி. கூர்மையானவள். "ஊசியில நூல் கோக்கச் சொன்னா ஒரே தடவையில கோக்கிறாரு. சுவத்துல எறும்பு போறது தெரியுது. கண்ணு மட்டும் தெரியலையாம். இது என்ன கண்ணுடா?" என்று என்னிடம் கேட்டாள். நான் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அப்படித்தான் உங்களுக்கு முன்னால் இன்னொரு டாக்டரிடம் போனோம். அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். அந்த டாக்டர் கைகொடுத்து, எனக்குக்கூட அது தெரியாது, வீட்டுக்குப் போங்கள் என்றார். வெளியே வந்து அத்தான் வருத்தமாக, "அவருக்கு என்னடா தெரியும், சுவரு அசையாம நிக்குது. ஆகாசத்துல பாக்கச் சொன்னா அப்பத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து இது கண்ணுக்குப் பின்னால் ஏதோ பெரிய வியாதி என்று தானே முடிவு செய்துகொண்டார். சாலையைக் கடக்க என் கையைப் பிடித்தார். பிறகு சந்தைக்குப் போகவும் பிடித்தார். இப்போது மாடிப்படிக்கும் பிடிக்கிறார். கண்ணுக்கு வேலை கொடுத்தால் இன்னும் கெடும் என்று பத்திரிகையைக்கூட என்னைத்தான் படித்துக் காட்டச் சொல்கிறார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவன். ஒரு செய்தி முடிவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அப்போதும் போர்வைக்குள்ளிருந்து, "நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆவேன் மச்சான்" என்பார்.

யாராவது என்னிடம் அப்படிச் சொல்வார்கள் என்று நான் கனவுகூடக் கண்டதில்லை.

இப்போது பத்தரை. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் முடியலையா என்று கேட்டுப் போனது. முடிவுக்கு வந்துவிட்டேன். டாக்டர் அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி. குறையும் கண்ணும் பொருந்தவில்லை, ஏனென்றால் குறை கண்ணில் இல்லை. என் ஒட்டுத்தாளில் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தைக் கட்டைவிரல் அகலமாக்கினவன் நான். அவருக்கு அறுவை வேண்டாம். வீட்டில் புது வண்டி ஒன்று பிரைமரோடு காத்திருக்கிறது. அதற்கு மேலே மஞ்சளும் அடியில் பெரிய கட்டமும் அடித்துக் கையில் கொடுத்தால் போதும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கிரேனிலும் ஏறிவிடுவார். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் அறைக்கு வந்து கையில் கொடுத்துவிடுகிறேன்.

அதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். அதே நேரத்தில் அத்தானைத் தள்ளுநாற்காலியில் கூட்டி வந்தார்கள். பச்சைத் தொப்பி போட்டு, வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அந்த மருந்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடுமாம். இரண்டு வருடத்தில் அவருக்கு நிஜமாகவே மங்கலாகத் தெரிவது இப்போதுதான். காற்றில் கையை நீட்டி என்னைத் தேடினார். நான் போய்த் தோளைக் கொடுத்தேன்.

"பயமா இருக்கா அத்தான்?"

"பயமா? எனக்கா? உன் கையிலதான் என்னமோ சலசலக்குது" என்றார். சலசலத்தது இந்தத் தாள்கள்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷமா உன்னைப் படுத்தி எடுத்துட்டேன்டா. உனக்கும் முட்டி போச்சு, மூச்சு போச்சு. கண்ணு வந்துடுச்சுன்னா நீ நிம்மதியா வலைக்கு வெளிய சேர் போட்டு உக்காந்துக்கோ. ஞாயித்துக்கிழமையாவது தூங்கு. கணக்கர்கிட்ட சொல்லிட்டேன், அவரே வந்து நிப்பாரு" என்றார்.

எவ்வளவு நல்ல மனுஷர் பாருங்கள். கத்திக்குக் கீழே போகும்போதும் என் முட்டியைத்தான் நினைக்கிறார்.

நர்ஸ் வந்து தாளைக் கேட்டது. டாக்டர் அம்மா கை கழுவப் போய்விட்டார், இப்போதே வேண்டும் என்றது. இவ்வளவையும் கொடுத்தால் உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காதே என்று எனக்குத் தோன்றியது. அவசரத்தில் படித்தால் தப்பாகத்தான் புரிந்துகொள்வீர்கள். அதனால் நீங்கள் கொடுத்தனுப்பிய தாளிலேயே, நாலு கோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாகப் பார்வை மங்கல். தூரத்தில் மேல்கீழ் தெரியவில்லை. நாளுக்கு நாள் அதிகமாகிறது. வேலையையும் விட்டுவிட்டார். ஒன்றும் பொய்யில்லை. நர்ஸ் அங்கேயே நின்று படித்துவிட்டு, "இது போதும், இவ்வளவு நேரம் என்னதான் எழுதினீங்க?" என்றது. எழுத்துப் பழகுகிறேன் என்றேன். சிரித்துவிட்டு அந்தத் தாளோடு உள்ளே போனது.

பதினொன்று அடித்தபோது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்த நேரமெல்லாம் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வழவழப்பாகக்கூட ஆகிவிட்டது. பதினொன்று முப்பத்தைந்துக்கு விளக்கு அணைந்தது. நர்ஸ் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கண்ணுக்குப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள் என்றது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. எல்லாம் முடிந்து போய்விட்டால்தான் தப்பு. இன்னும் ஒரு கண் பாக்கி இருக்கிறதே. அதற்குள் இதை அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல தாளில் எழுதி உங்களிடம் கொடுத்துவிடுவேன். என் வேலையில் முதல் பூச்சை யாரும் அப்படியே விடமாட்டோம்.

புது வண்டிக்கும் பதினைந்து நாள் போதும். பெரிய கட்டம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பை கொடுக்கிறவர்கள் மேசையில்தானே பார்க்கிறார்கள். சுண்டுவிரல் அகலத்தில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அத்தான் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுகிறார். உங்கள் மருத்துவமனையில் கீழே இறங்கப் பதினெட்டுப் படி இருக்கிறது, டாக்டர் அம்மா, வரும்போதே எண்ணி வைத்தேன். நான் ஒருவன் இல்லாவிட்டால் அந்த மனுஷர் எப்படித்தான் இறங்குவார்.